இடக்கையின் வயது

என் தந்தை மருத்துவரிடம் சொன்னது ஒரே ஒரு சொல்: "பதினாலு." அது பொய் என்பதை அந்தக் கணத்திலேயே கண்டுகொண்டேன். மேடையில் பேசிப் பழகியவனுக்கு, ஒரு கேள்விக்கும் அதன் விடைக்கும் இடையே எவ்வளவு நேரம் இருப்பது இயல்பு என்பது தெரியும். என் தந்தையின் விடையோ கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிட்டது. முன்கூட்டியே ஆயத்தம் செய்து, நாக்கின் நுனியில் நிறுத்திவைத்திருந்த விடை அது.

மருத்துவர் கேட்ட கேள்வி இதுதான்: "உங்களுக்கு மீசை வந்தது, குரல் உடைஞ்சது, உயரம் கூடினது எல்லாம் எந்த வயசுல?"

இதில் பொய் சொல்வதற்கு ஒரு மனிதருக்கு என்ன தேவை வந்தது? இந்த ஒரு வினாவை வைத்துக்கொண்டு நான் மூன்று வாரம் உறங்காமலும் உண்ணாமலும் கிடந்தேன் என்று எழுதினால் அது மேடைப் பேச்சாகிவிடும். உறங்கினேன், நன்றாகவே உண்டேன். ஆனால் வீட்டில் யார் எது சொன்னாலும் அதை இரண்டு முறை எடைபோட்டுப் பார்த்தேன்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. எனக்குப் பதினைந்தரை வயது, பத்தாம் வகுப்பு. சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். தந்தை ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியின் வாய்ப்புறத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு மணியடிக்கும் வேலையில் இருந்தார். எங்கள் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் பேச்சுப் போட்டிக்கென்று நின்ற கோப்பைகளில் பாதிக்கு மேல் நான் கொண்டுவந்தவை. இதைத் தன்னடக்கத்தோடு சொல்லும் வழி எனக்குத் தெரியாததால் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தக் கோப்பைகள் அனைத்தும் பதின்மூன்று வயது வரையிலான கணக்கு. அதன்பின் என் வகுப்பில் ஒவ்வொருவன் குரலாக மாறியது. ஒருவன் கோடை விடுமுறைக்குப் போய் வேறு மனிதனாகத் திரும்பிவந்தான். காலை வணக்கக் கூட்டத்தில் உயர வரிசையில் நிற்கும்போது, எட்டாம் வகுப்பில் நடுவில் நின்ற நான், பத்தாம் வகுப்பில் முதல் ஆளாக, ஆசிரியரின் இடுப்புவாரைப் பார்த்தபடி நின்றேன். குரலோ ஏழாம் வகுப்பில் எப்படி இருந்ததோ அப்படியே, வெண்கலக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டியதுபோல் ஒலித்தது.

அந்த அக்டோபரில் ஊர்த் தமிழ் மன்றத்தின் பேச்சுப் போட்டி. முதன்முறையாகப் பெரியவர்கள் பிரிவில் ஏறினேன். ஒலிபெருக்கி ஆள் மைக்கைத் தாழ்த்தினார். போதாதென்று கண்டு இன்னொரு முறையும் தாழ்த்தினார். "அவையோர்க்கு வணக்கம்" என்று தொடங்கியதுதான் தாமதம், பந்தலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ உரக்கக் கேட்டார்: "இன்னாப்பா இது, பொம்பளப் புள்ளைங்க போட்டி நேத்தே முடிஞ்சிடுச்சின்னாங்க?" சிரிப்பு எழுந்தது. நான் நிறுத்தவில்லை. ஒரு சொல்லும் மறக்கவில்லை. ஆயினும் என் வாதத்தை ஒருவரும் கேட்கவில்லை, குரலை மட்டுமே கேட்டார்கள்.

அடுத்த நாள் வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரன் கேட்டான்:

"டேய், உன் சவுண்டு பாக்ஸ் இன்னும் டெலிவரி ஆவலியா? பார்சல் ஆபீஸ்ல போயி கேளேன்."

"கேட்டேன். உன் மூளைக்கு அடுத்த லோடுலதான் வருமாம்."

அவனை அடக்கிவிட்டேன். ஆனால் பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு எங்கள் பள்ளி அணிக்குத் தலைவன் யார் என்பது அந்த வாரமே முடிவாக வேண்டும். தமிழாசிரியர் என் முகத்தைப் பார்க்காமல், "குரல் கொஞ்சம் கெட்டியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்ற சொல்லை நான் நம்பியதே இல்லை. என் குரல் என்றைக்காவது கெட்டியாகுமா, அல்லது இப்படியேதான் இருக்கப் போகிறேனா என்பதை எனக்கு உறுதியாகச் சொல்லக்கூடியவர் யார்? அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் தலையில் கைவைத்து உயரத்தை அளப்பதுபோல் பார்த்துவிட்டு, சனிக்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றார்.

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அந்தக் கிளினிக் இருந்தது. பிள்ளைகளின் வளர்ச்சிக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் சனிக்கிழமைதோறும் பெங்களூரிலிருந்து ரயிலில் வருவார். ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்மணி; தமிழுக்கு நடுவே கன்னடமும் கலந்துவிடுவார். அவர் மேசைக்குப் பக்கவாட்டில், மூக்குக்கண்ணாடி அணிந்த நரைத்தலைக்காரர் ஒருவர் அமர்ந்து கேஸ் ஷீட் எழுதுவார். அவர் முன்பு சுரங்கத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர் என்று அம்மா சொன்னார். அவரைக் கண்டதும் என் தந்தை வாசலிலேயே ஒரு கணம் நின்றார். அதையும் கவனித்தேன்.

மருத்துவர் என்னைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தார். கைகளை விரிக்கச் சொல்லி நீளம் அளந்தார். அம்மாவையும் தந்தையையும்கூட விடாமல் அளந்தார். திரைக்குப் பின்னால் உடலைச் சோதித்தார். தலைவலி உண்டா, பார்வை மங்குகிறதா, வயிறு அடிக்கடி கெடுகிறதா, எவ்வளவு சாப்பிடுகிறாய், எட்டாம் வகுப்பில் என்ன உயரம், ஆறாம் வகுப்பில் என்ன உயரம் என்று கேட்டார். பிறகு, "கண்ணை மூடிக்கோ மரி" என்று பிள்ளைகளைக் கொஞ்சும் கன்னடச் சொல்லால் அழைத்து, என் மூக்கருகே எதையோ பிடித்தார்.

"இது என்ன வாசனை?"

"காப்பித்தூள்."

"இது?"

"சோப்பு."

"குட்."

இதில் என்ன குட்? குரல் உடையாததற்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு? ஒருவேளை நான் சொல்வது மெய்யா என்று சோதிக்கிறாரோ என்று ஐயுற்றேன். (சிலருக்கு மட்டும் அரிதாக, வாசனை தெரியாமையும் பருவம் தாமதமாவதும் சேர்ந்தே வரும் என்பதைப் பின்னொரு நாள் அவரே விளக்கினார். அன்று விளக்கவில்லை; அதனால் நம்பவில்லை.)

அதன்பின்தான் தந்தையை நோக்கி அந்தக் கேள்வி வந்தது. எழுதுபவரின் பேனா தாளின் மேல் காத்து நின்றது. தந்தை அந்தப் பேனாவைப் பார்த்தபடியே சொன்னார்: "பதினாலு."

"கரெக்டா பதினாலா? உங்க அண்ணன் தம்பி, அப்பா, யாராச்சும் லேட்டா வளர்ந்தாங்களா?"

"யாரும் இல்லீங்க மேடம். எல்லாருக்கும் டயத்துக்கு ஆச்சி."

மருத்துவரின் நெற்றி சுருங்கியது. "மூளைக்குக் கீழே ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அதுதான் உடம்புக்கு உத்தரவு குடுக்கணும். இவனுக்கு உத்தரவு வர்றதே லேட்டா, இல்லை வரவே இல்லையா, அதைக் கண்டுபிடிக்கணும். அப்பாவும் லேட்டா வளர்ந்திருந்தா நான் கவலைப்படவே மாட்டேன், கொஞ்ச நாள் காத்திருக்கலாம்னு சொல்வேன். குடும்பத்துல யாருக்கும் இல்லேங்கிறீங்க. அதனால ரத்தப் பரிசோதனை, இடது கைக்கு ஒரு எக்ஸ்ரே. தேவைப்பட்டா பெங்களூர்ல தலைக்கு ஸ்கேன். எல்லா ரிசல்ட்டும் வர ஒரு மாசம் ஆகும், அப்ப வாங்க."

எக்ஸ்ரே என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே பொருள்தான்: நெஞ்சு. சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொரு மனிதரின் நுரையீரலிலும் கல்தூசி படிந்திருக்கிறதா என்று தவறாமல் படமெடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே கீழ்த்தெருவின் எக்ஸ்ரே அறைக்காரர் சீட்டைப் பார்த்துத் திகைத்ததில் வியப்பில்லை.

"கைக்கா? ஒடஞ்சிச்சா?"

"இல்லை. எலும்பை வைத்து வயதைக் கணிக்கிறார்களாம்" என்றேன்.

"வயசா! மாட்டுக்குத்தான் பல்லப் புடிச்சிப் பாப்பாங்க, உனுக்குக் கையப் புடிச்சிப் பாக்கறாங்களா? வெய்யி கைய." விரல்களை அகல விரித்துத் தட்டின் மேல் வைத்தேன். அவர் பொத்தானில் விரல் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் உரக்கச் சொன்னார்: "மூச்ச நல்லா இழுத்து, அப்பிடியே புடி!" நானும் பிடித்தேன்.

தந்தை வாசலிலிருந்தே கேட்டார்: "கை மட்டுந்தானே எடுத்தீங்க? நெஞ்சு எடுக்கலியே?" ஒரு முறை அல்ல, இரண்டு முறை கேட்டார். மகனின் நெஞ்சைப் படமெடுத்தால் இவருக்கு என்ன? இரண்டாவது ஐயம் இது.

மூன்றாவது ஐயம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், அவர் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பும் வேளையில் வந்தது. நான் வெளி அறையில் பாடப்புத்தகத்தை விரித்துவைத்திருந்தேன். சமையலறையில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். தாழ்ந்த குரலைக் கேட்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. எதிரணி தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டே பல போட்டிகளில் வென்றிருக்கிறேன்.

"அந்தம்மா கேட்டத சொல்லித் தொலைச்சா இன்னா?" என்றார் அம்மா.

"நீ வாயத் தொறக்காத. அந்த ஆளு பக்கத்துல குந்திக்கினு எழுதறான். எழுத்துல ஏறிடுச்சின்னா அப்பால அவ்ளோதான்."

"புள்ள தலைய மிஷினுக்குள்ள வெக்கணும்ன்றாங்க…"

"வெக்கட்டும். ஒண்ணும் இருக்காது. எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும் என்றாரே, என்ன தெரியும்? என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாத எது அவருக்குத் தெரியும்? எங்கள் குடும்பத்தில் பெயர் சொல்லக் கூசும் ஒரு நோய் இருக்கிறது, அதை மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். தெருக்கோடியில், தங்கம் பிரித்தபின் கொட்டிக் கொட்டி மலைபோல் நிற்கும் சயனைடு மண்மேட்டில் சின்ன வயதில் சறுக்கி விளையாடியதையும் நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு குற்றவாளியாகப் பட்டியலில் சேர்ந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இவற்றையெல்லாம் வரிசையாக எழுதி, கீழே "தீர்ப்பு" என்று கோடிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

தீர்ப்புக்கான சான்று எங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அத்தையின் கல்யாணப் படம். மணமக்களுக்கு வலப்பக்கம் பெரியப்பா, ஹாக்கி ஆடித் திரண்ட தோள்களோடு நிற்கிறார். அவர் அக்குளுக்குக் கீழே, கையில் பன்னீர்ச் செம்போடு ஒரு சிறுவன். அது என் தந்தை. "நைனா சின்ன வயசுல" என்று அதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறையும் கேள்வி கேட்டதில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"அம்மா, அத்தை கல்யாணப் புடவை யார் வாங்கினது?"

"உங்க நைனாதான். மொதோ சம்பளத்துல. எத்தினி தடவ சொல்லிக்கீறேன்."

"அப்படியென்றால் கல்யாணத்துக்கு முன்பே சுரங்கத்தில் சேர்ந்துவிட்டார்."

"சேந்து ஒரு மாசம். இன்னாத்துக்குடா இதெல்லாம்?"

சுரங்கத்துக்குள் இறங்கப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். படத்தில் நிற்பவனுக்கு யார் பார்த்தாலும் பதின்மூன்று வயதுக்கு மேல் சொல்லமாட்டார்கள். பதினான்கில் மீசை அரும்பிய ஒருவர், பதினெட்டில் எப்படிப் பன்னீர்ச் செம்போடு அண்ணனின் அக்குளுக்குள் நிற்க முடியும்? படம் பொய் சொல்லாது. ஆகவே பொய் சொன்னது எது என்பது தெளிவாயிற்று. ஏன் என்பது தெளிவாகவில்லை.

படத்தைச் சட்டத்தோடு கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்தேன். அவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையின் கேன்டீனில் மேற்பார்வையாளர். அன்று விடுமுறை; ஒரு பழைய ஹாக்கி மட்டையின் பிடிக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெரிப்பா, இந்தக் கல்யாணத்தப்ப நைனாக்கு என்ன வயசு?"

"பதினெட்டு முடிஞ்சி பத்தொம்போது நடந்துச்சி. இன்னாடா, வக்கீல் நோட்டீசாட்டம் போட்டாவெல்லாம் தூக்கிக்கினு வந்துக்கீற?"

"பதினெட்டு வயசுல ஏன் இவ்வளவு சின்னதா இருக்கார்?"

பெரியப்பா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மட்டையைக் கீழே வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உன்னியாட்டமே கீறான் பாரு! அதே மூஞ்சி, அதே உசரம். அடப்பாவி, அதுக்குத்தான் டாக்டராண்ட போனீங்களா?"

"சிரிக்காதீங்க பெரிப்பா. இவர் எப்படி மெடிக்கல்ல பாஸானார்?"

சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் சொன்னதை என் சொற்களில் சுருக்குகிறேன்.

என் தந்தை முதலில் தாமே போனார். கையில் உண்மையான பிறப்புச் சான்றிதழ். வரிசையில் சட்டையில்லாமல் நின்ற இளைஞர்களுக்கு நடுவே அவரைக் கண்ட மருத்துவர், கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்த்தார். முகவாயைத் தடவிப் பார்த்தார். "யாருடைய சான்றிதழடா இது? போ, ஸ்கூலுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. மூன்று மாதம் கழித்து அடுத்த ஆளெடுப்பு. அதே சான்றிதழை எடுத்துக்கொண்டு, என் தந்தையின் பெயரில், பெரியப்பா போய் நின்றார். அளவெடுத்தார்கள், நெஞ்சைப் படமெடுத்தார்கள், தேர்ந்துவிட்டார். வேலைக்கு மட்டும் என் தந்தை போனார். உண்மையான சான்றிதழ் பொய்யாகி, பொய்யான உடம்பு உண்மையாயிற்று.

"அவன் ஃபைல்ல மொதல்ல கீற நெஞ்சுப் படம் என்னுது" என்றார் பெரியப்பா. தோளின் மேல்புறத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க பாரு, ஹாக்கில ஒடஞ்சி ஒட்டுன காலர் எலும்பு. அந்தத் தடம் படத்துல பளிச்சினு கீது. உங்க நைனாக்கு அந்தத் தடம் கெடையாது. இப்ப மைன்ஸ் மூடப் போறாங்க. போறவங்களுக்கெல்லாம் கடைசியா ஒரு எக்ஸ்ரே எடுப்பாங்கன்றாங்க. இத்தினி வருசமா யாரும் மொத படத்த எடுத்துப் பாக்கல; கணக்கு முடிக்கறப்ப பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்தா? இருவது வருசத்து சர்வீசும் பூடும்."

"அதற்கும் கிளினிக்குக்கும் என்ன?"

"அன்னிக்கி மெடிக்கல்ல பேரு கூப்புட்டது யாருன்ற? அந்த ஆளுதான்டா இப்ப அந்த டாக்டரம்மாவாண்ட எழுதிக்கினு கீறாரு. 'எனுக்கு இருவது வயசு வரிக்கும் மீசையே இல்ல'ன்னு உங்க நைனா அவர் எதிர்ல சொன்னா, அப்ப பதினெட்டுல மெடிக்கலுக்கு வந்தவன் யாருன்னு கேக்கமாட்டாரா?"

நோட்டின் கடைசிப் பக்கத்தில் வெறுமையாக விட்டிருந்த இடம் நிரம்பிவிட்டது. மறைக்கப்பட்டது என் நோய் அல்ல, தந்தையின் உடம்பு. நெஞ்சுப் படம் என்ற பேச்சுக்கே அவர் ஏன் பதறினார் என்பதும் புரிந்தது. என் நெஞ்சைவிட்டு ஒரு பாரம் இறங்கிய அதே நொடியில் வேறொன்று ஏறியது. வாயைத் திறந்தால் தந்தையின் இருபதாண்டுக்கு ஆபத்து. திறக்காவிட்டால் என் தலை எந்திரத்துக்குள் போகும், என் கேள்விக்கு விடையும் கிடைக்காது. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இருபுறமும் பேசுவேன் என்று பெருமை பேசித் திரிந்தவன், இதற்கு ஒருபுறமும் பேச வழியறியாமல் வீடு திரும்பினேன்.

தந்தை அந்த வாரம் முதல் ஷிப்டில் இருந்தார். மறுநாள் மாலை அவர் குளித்துவிட்டு வந்து அமர்ந்ததும், சுவரில் திரும்ப மாட்டிய படத்தைச் சுட்டிக்காட்டி, "நைனா, இது பதினெட்டு வயது" என்றேன்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க" என்றார் அம்மா.

"பெரியப்பா சொன்னார். எல்லாம் தெரியும்."

தந்தை ஈரத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "எந்த ஊர் கோர்ட்டுல நீ வாதாடப் போற?" என்றார். கோபம் அல்ல, களைப்பு. "மூணு வருசத்துல நாலு தடவ கம்பூட்ஸ் மாத்துனேன். ஸ்டோர் கீப்பர் கேப்பான், 'இன்னாப்பா, வேலைக்கி சேந்தப்பறம் எவனுக்காச்சும் பாதம் வளருமா, நீ இன்னா செடியா?'ன்னு. சிரிச்சிக்கினே வாங்கிப் போட்டுக்குவேன். வளருது வளருதுன்னு சந்தோசப்படறதா, வளந்து காட்டிக் குடுக்குதேன்னு பயப்படறதா?"

"மீசை எப்போது வந்தது?"

அதற்கு அம்மா பதில் சொன்னார். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப வயசு இருவத்தொண்ணு. மீச வெச்சிக்கினு வந்தாரு. வேர்த்துச்சி. ஒரு பக்கத்து மீச கரஞ்சி வாய்க்கு வந்துடுச்சி. புருவத்துக்குப் போடற பென்சில்டா!"

"ஏய், சும்மா இரு."

"இன்னா சும்மா? அதப் பாத்துத்தான் சரின்னேன். இவ்ளோ கஸ்டப்பட்டு வரஞ்சிக்கினு வந்த ஆளு நம்மள நல்லா வெச்சிப்பாருன்னு."

நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் சிரித்து முடித்ததும் கேட்டேன்: "சனிக்கிழமை டாக்டரிடம் சொல்வீர்களா?" அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். விடை சொல்லாதது அவருக்குச் சாதகமா எனக்குச் சாதகமா என்று கணிக்க முடியவில்லை.

சனிக்கிழமை. மருத்துவர் என் இடக்கையின் படத்தை விளக்குப்பெட்டியில் செருகினார். அருகில் ஒரு பருத்த புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் கைகளின் படங்கள். "பார், விரல் எலும்புகளோட நுனியில இடைவெளி தெரியுதா? இன்னும் மூடலை. உனக்கு வயசு பதினஞ்சரை. உன் கைக்குப் பன்னிரண்டரைதான்." என் கையே எனக்கு மூன்று வயது இளையது என்பதை நம்ப மனமில்லாமல் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு முதலியவை சரியாக இருந்தன. பருவத்துக்கான உத்தரவு மட்டும் இன்னும் குழந்தையின் அளவில் இருந்தது. "இது தாமதமா, தடையான்னு இந்தக் காகிதத்தை வெச்சு மட்டும் பிரிக்க முடியாது. அதனால பெங்களூருக்கு எழுதிக் குடுக்கறேன்" என்றவர், எழுத்தரைப் பார்த்து, "ஃபேமிலி ஹிஸ்டரி, யாருக்கும் இல்லை. சரிதானே?" என்றார்.

பேனா தாளைத் தொட்டது. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என்ன சொல்லப் போகிறேன் என்பது எனக்கே தெரியாது.

"மேடம்" என்றார் தந்தை. "அவர கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க."

எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக என் தந்தையை ஒரு முறை பார்த்தார். பேனாவை மூடி, சட்டைப்பையில் செருகி, எழுந்து போனார். கதவு சாத்தும் வரை தந்தை காத்திருந்தார்.

"எனக்குப் பத்தொம்போது வயசுக்கு மேலதான் வளந்துச்சி. இருவது தாண்டி குரல் மாறுச்சி. மீச இருவத்திரெண்டு. இவனாட்டமே இருந்தேன். அச்சு இவனே."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டார். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! ஏன் ரீ பதினாலுன்னீங்க?"

"வெக்கம் மேடம்" என்றார் தந்தை, தலைகுனிந்து.

அதுவும் பொய்தான். ஆனால் முழுப் பொய்யா என்று எனக்கு அன்றும் ஐயம், இன்றும் ஐயம்.

ஸ்கேனுக்கு எழுதிய சீட்டை மருத்துவர் மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை, அதையும் கவனித்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அளப்பதாகவும், அசைவே இல்லையென்றால் அந்தச் சீட்டை எடுப்பதாகவும் சொன்னார். உத்தரவு வரக் காத்திருக்கப் பொறுமையில்லை என்றால், மாதம் ஒன்றாகச் சில ஊசிகள் போட்டு உடம்பைத் தூண்டிவிடும் வழியும் உண்டு என்றார்.

"ஊசி போட்டால் பொங்கலுக்குள் குரல் மாறுமா?"

"மாறாது மரி. தொடங்கவே மாசக்கணக்காகும். தொடங்கினா நடுவுல கீச்சுன்னும் வரும், கட்டையாவும் வரும்."

"போடாவிட்டால் வராமலே போகுமா?"

"உங்க அப்பாவைப் பார்த்தா வரும்னுதான் தோணுது."

"தோன்றுகிறது என்பது உறுதியா?"

"உறுதின்னு நான் சொன்னா நீ நம்புவியா?"

நம்பமாட்டேன் என்பதை அவர் கண்டுகொண்டார். ஊசி வேண்டாம் என்றேன். என் குரலைப் புட்டியில் வாங்கியதாக நாளை எவனும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்புதான். வேறு உயர்ந்த காரணம் எதையும் இப்போது புனைந்து சொல்ல விரும்பவில்லை. மருத்துவர் வற்புறுத்தவில்லை. மனம் மாறினால் வா, அதில் தோல்வி ஒன்றும் இல்லை என்றார். கேஸ் ஷீட்டில் தம் கையாலேயே ஒரு வரி எழுதி, தந்தை பக்கம் திருப்பிக் காட்டினார். "தந்தைக்கும் தாமதம்." அவ்வளவுதான். அந்த வரியை என் தந்தை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

வெளியே, மாடிப்படியின் தலைப்பில் எழுத்தர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கடக்கும்போது என் கால்களைப் பார்த்தார். பிறகு தந்தையிடம், வானிலை விசாரிப்பவர்போல், சொன்னார்:

"கவலப்படாத. உன்னாட்டமே இவனும் பூட்ஸ் சைஸ் மாத்திக்கினே போவான்." ஒரு புகை விட்டு, "உங்க அண்ணனுக்குக் காலர் எலும்பு குளுர்ல வலிக்குதா?" என்றார்.

தந்தை முதல் படியில் நின்றபடி திரும்பினார். "வலிக்குதாம்" என்றார்.

"வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. இருபது ஆண்டுகளாக அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் அப்படிக் கேட்டது அன்பினாலா, எச்சரிக்கையாகவா என்பதை நானும் தந்தையும் பின்னர் பலமுறை விவாதித்தோம். ஒருமுறைகூட ஒரே பக்கத்தில் நின்றதில்லை; இருவரும் கட்சி மாறிக்கொண்டே இருந்தோம். பிப்ரவரி முடிவில் சுரங்கம் மூடப்பட்டது. தந்தையின் நெஞ்சைப் படமெடுத்தார்கள். பழைய படத்தோடு யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்தும் பேசாமலிருந்தார்களோ என்று தந்தை இப்போதும் கேட்பதுண்டு.

பொங்கல் பட்டிமன்றத்தில் நான் அணித்தலைவனாகப் பேசவில்லை. மூன்றாவது பேச்சாளனாகப் பேசினேன், அதே கிண்ணக் குரலில். மைக்கைத் தாழ்த்த வந்த ஆளைத் தடுத்து, முன்கூட்டியே கேட்டு வாங்கிவைத்திருந்த மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினேன். அன்றும் சிரித்தார்கள். முன்பைவிடச் சற்றுக் குறைவாகச் சிரித்ததாக எனக்குப் பட்டது. பக்கத்து இருக்கைக்காரன் அதே அளவுதான் என்றான்.

ஜூனில் அளப்பதற்கு மருத்துவரிடம் போகவேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்குள் கால் போக மறுத்தது. கட்டைவிரல் முனையில் இடித்தது. நான் எவரிடமும் சொல்லவில்லை. ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்றுதான் முதலில் ஐயப்பட்டேன்.